முள்வேலிக்குள் வரைந்தவர்கள்: ஹட்சின்சன் முகாம் ஓவியர்களை முன்வைத்து ஒரு விவாதம்

கரித்துண்டு (இழையைத் தொடங்கியவர்)

அகதி ஓவியர்கள் என்றாலே "வலியைத் தூரிகையால் வடித்தார்கள்" என்று ஒரு வரி எல்லாக் கட்டுரையிலும் தயாராக இருக்கிறது. எனக்கு அந்த வரியோடு கொஞ்ச நாளாகவே தகராறு. அதற்காகத்தான் இந்த இழை. பொதுவாகப் பேசினால் ஆளாளுக்கு ஒரு பக்கம் போய்விடுவோம், அதனால் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: 1940-இல் மேன் தீவில் இருந்த ஹட்சின்சன் முகாம்.

மேன் தீவு இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடலில் இருக்கிறது. டக்ளஸ் அதன் பெரிய ஊர், கோடை விடுமுறைக்கு ஆட்கள் வந்து தங்கும் ஊர். அங்கே ஹட்சின்சன் சதுக்கத்தில் நடுவே புல்வெளி, சுற்றிலும் வரிசையாக விடுதி வீடுகள். போர் வந்ததும் வீட்டுக்காரர்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு, சுற்றி முள்கம்பி இழுத்து, 1940 ஜூலையில் முகாமாக்கிவிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சுமார் 1,200 ஆண்கள் உள்ளே. பெரும்பாலும் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்கள், நாஜிகளை எதிர்த்தவர்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர்.

இதில் ஓவியர்களும் சிற்பிகளும் ஒரு கூட்டமாகவே வந்து சேர்ந்தார்கள். கர்ட் ஷ்விட்டர்ஸ், லுட்விக் மைட்னர், ஃப்ரெட் உல்மன், எரிக் கான், பால் ஹாமன், ஹெல்முட் வைசன்போர்ன் என்று பட்டியல் போகிறது. இருட்டடிப்புக்காக ஜன்னல் கண்ணாடிகளில் எல்லாம் நீலப் பெயின்ட் அடித்து, பல்புகளுக்குச் சிவப்பு பூசியிருந்தார்கள். பகலில் உள்ளே உட்கார்ந்தால் மீன்தொட்டிக்குள் இருப்பது மாதிரி இருந்திருக்கும். லைப்சிக் கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த வைசன்போர்ன் சவர பிளேடை எடுத்து அந்த நீலத்தைச் சுரண்டிப் புராண உருவங்கள் வரைய ஆரம்பித்தார். சுரண்டிய கோட்டின் வழியாக வெளிச்சம் வரும். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா, மற்ற வீடுகளின் ஜன்னல்களிலும் கோடுகள் கிளம்பிவிட்டன.

சரி, என் தகராறு என்னவென்றால், இந்த முகாமில் அதிகம் வரையப்பட்டது முள்வேலியோ அழுகையோ கிடையாது. பக்கத்துக் கட்டில்காரனின் முகம். ஷ்விட்டர்ஸ் எப்படிப்பட்ட ஆள்! ஹானோவரில் வீட்டுக்குள்ளேயே அறை அறையாக வளரும் ஒரு சிற்பத்தைக் கட்டியவர், பஸ் டிக்கெட்டையும் கிழிந்த காகிதத்தையும் ஒட்டி "மெர்ஸ்" என்று பெயர் வைத்தவர், நாஜிகள் 1937-இல் "சீரழிந்த கலை" என்று கேலிக்காகவே நடத்திய கண்காட்சியில் படம் தொங்கியவர். அவர் முகாமில் உட்கார்ந்து, பேராசிரியர், வக்கீல், அதிகாரி என்று ஒவ்வொருவரையும் அச்சு அசலாக, பழைய பாணியில், காசு வாங்கிக்கொண்டு வரைந்தார். இது "வெளிப்பாடு" என்ற கணக்கில் வருமா? எனக்கு இது வேறு ஏதோ ஒன்று என்று படுகிறது. ஒருவன் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார, இன்னொருவன் அவனை உற்றுப் பார்க்க, நடுவே பேச்சு. அந்த உட்காருதலில்தான் சமூகம் உருவாயிற்று, படத்தில் என்ன இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம் என்பது என் கட்சி. அடிக்க வருபவர்கள் வரலாம்.

மாம்பலம்_மணி

சார் ஒரு நிமிஷம். ஹிட்லரிடமிருந்து ஓடி வந்தவனையே பிடித்து உள்ளே போட்டானா பிரிட்டிஷ்காரன்? எந்த ஊர் நியாயம் இது?

கரித்துண்டு

// எந்த ஊர் நியாயம் இது? //

பயத்தின் நியாயம்தான் மணி. 1939-இல் போர் தொடங்கியதும் ஜெர்மானிய, ஆஸ்திரியக் குடிமக்கள் எல்லோரையும் தீர்ப்பாயம் வைத்து விசாரித்து ஏ, பி, சி என்று பிரித்தார்கள். சி என்றால் ஆபத்தில்லாதவர், பெரும்பாலான அகதிகள் அந்த வகைதான். ஆனால் 1940 மே, ஜூனில் ஹாலந்து விழுந்தது, பிரான்ஸ் விழுந்தது, "உள்ளே உளவாளி இருக்கிறான்" என்று பத்திரிகைகள் கூச்சல் போட்டன. உடனே சி வகையையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இத்தாலியர்களையும் சேர்த்தால் சுமார் 27,000 பேர். சிலரைக் கப்பலேற்றிக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள். அதில் அரண்டோரா ஸ்டார் என்ற கப்பலை ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி தகர்த்து, எண்ணூறுக்கும் மேல் செத்தார்கள். அதற்கப்புறம்தான் லண்டனில் மனச்சாட்சி கொஞ்சம் உறுத்த ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள்.

ஷ்விட்டர்ஸ் கதை இன்னும் அநியாயம். ஜெர்மனியிலிருந்து நார்வேக்கு ஓடினார். 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை நார்வேக்குள் வந்தது. மகனோடு வடக்கே வடக்கே போய், பனி உடைக்கும் கப்பல் ஒன்றில் ஏறி, ஜூனில் ஸ்காட்லாந்து வந்து இறங்கினார். இறங்கியதும் கைது. மனைவி ஹெல்மா ஹானோவரிலேயே இருந்தார், 1944-இல் புற்றுநோயில் இறந்துபோனார். கடைசி வருஷங்களில் இருவரும் பார்த்துக்கொள்ளவே முடியவில்லை.

தேம்ஸ்_கரையோரம்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கன காலமாய் லண்டனில் இருக்கிறன். கரித்துண்டு அண்ணை, நீங்கள் சொல்லுறதில் பாதிக்குச் சம்மதம், பாதிக்கு இல்லை.

முதலில் சம்மதம். இங்கே அகதிப் பிள்ளைகளுக்கு ஓவியப் பட்டறை என்று ஒன்று நடந்தது, நான் மொழிபெயர்க்கப் போயிருந்தன். எங்கட பெடியன் ஒருத்தன், பதினாறு வயசிருக்கும், பருத்தித்துறை மினிபஸ் ஒன்றைக் கீறினான். முன் கண்ணாடியில் அம்மன் படம், கீழே எலுமிச்சம்பழம், கதவில் தொங்கிற கண்டக்டர், பின் கண்ணாடியில் எழுதியிருக்கிற வசனம் வரைக்கும் அப்படியே. நல்லாய்க் கீறியிருந்தான். பட்டறை நடத்திற மனுசி வந்து பார்த்துவிட்டு, "அழகாயிருக்கு, ஆனால் உன்ர கதை எங்கே?" என்று கேட்டா. அவவுக்குத் தேவை போர். குண்டு, படகு, அழுகிற தாய். பெடியன் என்னைப் பார்த்தான், நான் அதை மொழிபெயர்க்காமல் "மனுசிக்கு நல்லாப் பிடிச்சிருக்காம்" என்று சொல்லிவிட்டன். ஆகவே "வலியை வடித்தார்கள்" என்ற வரி எங்கே தயாராகிறது என்று எனக்குத் தெரியும்.

இனிச் சம்மதமில்லாத பாதி. ஹட்சின்சனைப் பற்றி இப்போது எழுதுகிற ஆட்கள் அதை ஏதோ கலைக் கல்லூரி மாதிரி எழுதுகினம். பேராசிரியர்களின் விரிவுரை, பியானோக் கச்சேரி, ஓவியக் கண்காட்சி, நல்ல மனசுள்ள முகாம் தளபதி. வாசிக்கிற சனம் "அடடா, நானும் அங்கே இருந்திருக்கலாமே" என்று நினைக்கும். ஃப்ரெட் உல்மனை எடுங்கோ. மனுசன் ஸ்டுட்கார்ட்டில் வக்கீல், நாடு விட்டு வந்தபிறகுதான் ஓவியரானவர். உள்ளே இருக்கும்போதுதான் அவருக்கு முதல் பிள்ளை பிறந்தது, போய்ப் பார்க்கேலாது. அந்த மாதங்களில் அவர் மையில் கீறின படங்களைப் பாருங்கோ: எலும்புக்கூடுகள், தூக்குமரம், கோவில் இடிபாடு, அதுக்கு நடுவில் பலூனைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிற ஒரு சின்னப் பிள்ளை. இது பக்கத்துக் கட்டில்காரனின் முகமா? இதை விட்டுவிட்டு "முகம்தான் வரைந்தார்கள்" என்றால் எப்படி?

அச்சுமை

நான் லினோ அச்சு போடுகிறவன், அதனால் எனக்கு எப்போதும் பொருள்களின் மேல்தான் கண். இந்த முகாமைப் பற்றி முதலில் படித்தபோது ஓவியத்தை விட அவர்கள் எதை வைத்து வேலை செய்தார்கள் என்பதுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

விடுதித் தரையில் லினோலியம் விரித்திருந்தது. அதைப் பெயர்த்தெடுத்தார்கள். லினோலியம் என்பது காய்ச்சி இறுக்கிய ஆளிவிதை எண்ணெயும் கார்க் தூளும் கலந்த விரிப்பு, அடியில் சணல் துணி. செதுக்குவதற்கு அருமையான பரப்பு, ஆனால் பழைய தரை லினோ குளிரில் வெடவெடவென்று உடையும். அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டினால்தான் கத்தி இறங்கும். செதுக்கி முடித்தாயிற்று, அழுத்த பிரஸ் வேண்டுமே. விடுதிகளில் துணி பிழியும் உருளை இயந்திரம் இருந்தது, மேலும் கீழும் இரண்டு உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதற்குள் விட்டுச் சுற்றினார்கள். அச்சுமைக்கு? வைசன்போர்ன் பென்சில் கரியைப் பொடித்து மார்ஜரினில் குழைத்தாராம். ஐயா, மார்ஜரின் காயவே காயாது. அச்சைச் சுற்றிக் காகிதத்தில் எண்ணெய்க் கறை ஊறிக்கொண்டே போகும். இருந்தும் செய்திருக்கிறார்கள்.

வர்ணத்துக்குச் செங்கல் பொடியையும் மத்தி மீன் டப்பாவின் எண்ணெயையும் கலந்திருக்கிறார்கள். செங்கல் பொடி சரி, நம்மூர்க் காவி மாதிரி நின்றுவிடும். எண்ணெய்தான் பிரச்சினை. டப்பாவில் ஆலிவ் எண்ணெய் ஊற்றியிருந்தால் மாதக்கணக்கானாலும் பிசுபிசுப்பு போகாது. களிமண்ணுக்கு, காவலோடு வெளியே நடக்கக் கூட்டிப்போகும்போது வழியில் தோண்டிக்கொண்டு வந்தார்கள்.

இப்படி ஒரு அச்சு எடுக்க எத்தனை பேர் வேண்டும் என்று யோசியுங்கள். லினோ பெயர்க்க ஒருவன், யாராவது வருகிறார்களா என்று பார்க்க ஒருவன், மார்ஜரின் விட்டுக்கொடுக்க ஒருவன் (அது அவன் ரொட்டிக்கு வந்த பங்கு), கைப்பிடி சுற்ற ஒருவன். கரித்துண்டு சொல்லும் "சமூகம்" எனக்கு இங்கே தெரிகிறது. உல்மன் என்ன வரைந்தார் என்பதை வைத்து இதை மறுக்க முடியாது. அவரும் பக்கத்துக் கண்காட்சிச் சுவரில்தானே மாட்டினார்.

மாம்பலம்_மணி

கஞ்சிச் சிற்பம் என்று எங்கேயோ படித்தேனே, அதைச் செய்தது இந்த ஷ்விட்டர்ஸ்தானா?

கரித்துண்டு

அவரேதான். காலையில் கொடுக்கும் ஓட்ஸ் கஞ்சியில் மிஞ்சியதை வீடு வீடாகச் சேகரித்து, மாடியறையில் சிற்பமாகக் கட்டினார். சில நாளில் அதில் பூஞ்சை பூத்து நீலமும் பச்சையுமாக மயிர் முளைத்து, நாற்றம் வேறு. அறைக்குள் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறார்கள். அதே அறையில்தான் அந்தக் கண்ணியமான உருவப்படங்களும். ராத்திரியில் நாய் மாதிரிக் குரைப்பார், எங்கிருந்தோ ஒரு வயதான பாங்கர் பதிலுக்குக் குரைப்பார் என்று உல்மன் எழுதி வைத்திருக்கிறார். மறுநாள் புல்வெளியில் வெறும் ஒலிகளாலான தன் கவிதையைப் பாடிக் காட்டுவார், பேராசிரியர்கள் உட்பட எல்லோரும் சிரித்துக்கொண்டே சேர்ந்து சொல்வார்கள்.

தேம்ஸ், உல்மன் பற்றிச் சொன்னது நியாயம். அவரை மறைக்க நினைக்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். உல்மன் முகாமில் தன் உள்ளத்துக்குள் இறங்கிப்போனவர், மிகவும் சோர்ந்திருந்தார். அவரையே பிடித்து உட்கார வைத்து ஷ்விட்டர்ஸ் ஒரு படம் வரைந்தார், 1940-இல். இன்று நியூகாசில் ஹாட்டன் காலரியில் இருக்கிறது. உல்மனின் எலும்புக்கூடுகளும் வேண்டும், உல்மனை ஒரு மதியம் முழுக்க எதிரே உட்கார வைத்தவரும் வேண்டும். நான் இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே என்றுதான் சொல்கிறேன்.

அஞ்சறைப்பெட்டி

எல்லாம் சரி, பெண்கள் எங்கே? இதுவரை வந்த பெயர் எல்லாம் ஆண்கள்.

பெண்களைத் தீவின் தென்முனையில் போர்ட் எரின், போர்ட் செயின்ட் மேரி என்ற இரண்டு ஊர்களை மொத்தமாக வேலி போட்டு அடைத்து வைத்தார்கள். ரஷன் முகாம் என்று பெயர். உள்ளூர்க்காரர்களும் அதே வேலிக்குள்தான் வாழ்ந்தார்கள். அங்கே பெண்கள் தங்களுக்குள் ஒரு வேலைப் பரிமாற்றம் ஏற்பாடு செய்தார்கள், பணத்துக்குப் பதில் டோக்கன். ஒருத்தி துணி தைப்பாள், ஒருத்தி முடி வெட்டுவாள், ஒருத்தி பாடம் சொல்லிக்கொடுப்பாள். களிமண் வேலை, கைவேலை வகுப்புகளும் உண்டு. எர்னா நோனன்மாகர் என்ற சிற்பியும் மார்கரெட்டே க்ளோப்ஃப்ளைஷ் என்ற சிற்பியும் அந்த முகாமில் இருந்தவர்கள். அவர்கள் பெயர் எத்தனை கட்டுரையில் வருகிறது? ஹட்சின்சனுக்கு க்ளாஸ் ஹின்ரிக்சன் என்ற கலை வரலாற்றாளர் உள்ளேயே இருந்தார், 1940 செப்டம்பரிலும் நவம்பரிலும் கண்காட்சி நடத்தினார், படங்களையும் காகிதங்களையும் பத்திரப்படுத்தினார், பிறகு வாழ்நாளெல்லாம் அதைப் பற்றிப் பேசினார். எழுதி வைக்க ஒரு ஆள் இருந்தால் அது வரலாறு, இல்லாவிட்டால் கைவேலை வகுப்பு.

லுட்விக் மைட்னரின் மனைவி எல்சே மைட்னரும் ஓவியர்தான். கணவர் தீவில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது அவர் லண்டனில் வீட்டு வேலை செய்து பிழைத்தார். அவரை எந்தச் சமூகம் சேர்த்துக்கொண்டது?

பழைய_தில்லிவாசி

நான் கரோல்பாகில் வளர்ந்தவன், அதனால் இந்தப் பேச்சில் எனக்கு உடனே ஞாபகம் வருவது தில்லிதான். மேன் தீவை விட நமக்குப் பக்கம்.

1947-இல் லாகூரிலிருந்து வந்த ஓவியர்களில் பாபேஷ் சன்யால் ஒருவர். பிறந்தது அசாமில் திப்ரூகர், ஆனால் 1929-இல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்காக லாலா லஜபதி ராயின் சிலை செய்யப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு தில்லி வந்து, கோல் மார்க்கெட்டில் 26-ஆம் எண் இடத்தில் குடியேறினார். அந்த இடத்துக்கு ஜனங்கள் வைத்த பெயரே "ரெஃப்யூஜி ஸ்டூடியோ". ஓவியர், எழுத்தாளர், நாடகக்காரர் எல்லோரும் போய் விழும் இடம். 1949-இல் அவரும் கன்வல் கிருஷ்ணா, கே. எஸ். குல்கர்ணி, தன்ராஜ் பகத், பி. என். மாகோ முதலியவர்களும் சேர்ந்து தில்லி சில்பி சக்ரா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் கணிசமானோர் பஞ்சாபிலிருந்து பெயர்ந்து வந்தவர்கள். கன்னாட் பிளேஸில் தூமிமல் கடைக்காரர் இடம் கொடுத்துத் துணை நின்றார். கடைத்தெருவிலும் குடியிருப்புகளிலும் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது எஸ். எல். பராசரைப் பற்றி. லாகூர் மேயோ கலைப் பள்ளியில் துணை முதல்வராக இருந்தவர். தானும் அகதியாக வந்து, அம்பாலாவில் பல்தேவ் நகர் அகதி முகாமுக்குத் தளபதியாகப் பொறுப்பேற்றார். பகலெல்லாம் ரேஷன், கூடாரம், சண்டை தீர்ப்பது. இடையில் கையில் கிடைத்த காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டார். முக்காடு போட்டுக் குந்தியிருக்கும் பெண்கள், தலையைக் கையில் தாங்கிய கிழவர்கள். சில படங்களில் நாலைந்து கோடுதான். முகாம் மண்ணை எடுத்தே உருவங்களும் செய்தார். அதையெல்லாம் அவர் ஊர் கூட்டிக் காட்டவில்லை. 1990-இல் இறந்த பிறகுதான் குடும்பத்தார் பலவற்றை வெளியே கொண்டுவந்தார்கள்.

இங்கேதான் கரித்துண்டின் கட்சி எனக்கு இடறுகிறது. அந்தக் கிழவி இவருக்காக "உட்காரவில்லை". இவர் வரைகிறார் என்றே அவளுக்குத் தெரிந்திருக்காது. கூட்டமும் இல்லை, கண்காட்சியும் இல்லை, காசும் இல்லை. இவருக்கு வரையாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதை வெளிப்பாடு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

(சின்னக் குறிப்பு, நம்ம ஊர்க்காரர்களுக்காக: அதே பிரிவினையில் இந்தப் பக்கம் வந்த கிருஷன் கன்னா பாங்க் உத்தியோகத்தில் மெட்ராஸில் சில வருஷம் இருந்தார், கர்நாடகக் கச்சேரிக்காரர்களை வரைந்தார். அகதி என்றால் வாழ்நாள் முழுக்கப் பிரிவினையையே வரையவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. பிரிவினை அவர் படத்தில் வந்தது, வரவேண்டிய நேரத்தில்.)

மாம்பலம்_மணி

எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொல்லும் எல்லோரும் ஏற்கெனவே பெரிய ஆட்கள். பேராசிரியர், துணை முதல்வர், ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர். முகாமுக்கு வரும்போதே கையில் தொழிலோடு வந்தவர்கள். ஒன்றும் இல்லாமல் வந்தவனுக்கு இந்தக் கலை என்ன கொடுத்தது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

அச்சுமை

நல்ல கேள்வி. பீட்டர் ஃப்ளைஷ்மன் என்று ஒரு பையன். பெர்லினில் அநாதை விடுதியில் வளர்ந்தவன், யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிய ரயில்களில் ஒன்றில் தப்பி வந்தவன். பதின்ம வயசு முடிவதற்குள் ஹட்சின்சனில் வந்து விழுந்தான். ஓவியனாக ஆசை, ஆனால் படித்ததில்லை. உள்ளே பார்த்தால் வீட்டுக்கு வீடு ஒரு மாஸ்டர். இவர்களுக்குப் பொருள் பொறுக்கிக் கொடுப்பது, எடுபிடி வேலை, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது. போருக்குப் பிறகு முறையாகக் கலை படித்து, பீட்டர் மிட்ஜ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டு ஓவியராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்தார். வெளியே இருந்திருந்தால் ஷ்விட்டர்ஸுக்குத் தூரிகை கழுவும் வாய்ப்பு அந்தப் பையனுக்கு எந்த ஜென்மத்தில் கிடைத்திருக்கும்?

தேம்ஸ்_கரையோரம்

பார்த்தீங்களா, திரும்பவும் முகாம் நல்லது என்ற இடத்துக்குத்தான் வந்து நிக்கிறம் :) அந்தப் பெடியனைச் சிறையில் போடாமலே கலைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கலாமே அச்சுமை.

ஆஸ்திரேலியாவுக்குப் போன பக்கத்தையும் பாருங்கோ. டுனெரா கப்பலில் ஏறத்தாழ 2,500 பேரை ஏற்றி, காவல்காரர்கள் அவையின்ர பெட்டிகளைக் கடலில் எறிஞ்சு, 1940 செப்டம்பரில் சிட்னியில் இறக்கி, உள்நாட்டில் ஹே என்ற வெறும் வெட்டவெளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முகாமுக்குள் செல்லுபடியாகிற நோட்டு ஒன்று அடிச்சவை. வரைஞ்சது ஜார்ஜ் டெல்ச்சர். நோட்டின்ர ஓரத்தில் முள்கம்பி சுத்திப் போகும். கண்ணாடி வைச்சுப் பார்த்தால் அந்தக் கம்பியே எழுத்து: "நாங்கள் இங்கே இருப்பது நாங்கள் இங்கே இருப்பதாலே, நாங்கள் இங்கே இருப்பதாலே" என்று முடிவில்லாமல் ஓடும். இது வெளிப்பாடா, சமூகமா? இரண்டும்தான். ஆனால் முதலில் அது நக்கல். உங்கட ரெண்டு கட்சியிலும் நக்கலுக்கு இடமே இல்லையே.

பவுஹவுஸ் என்ற பேர்போன ஜெர்மன் கலைப் பள்ளியில் படிச்ச லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட்-மாக்கும் அதே கப்பல்தான். 1941-இல் ஆரஞ்ச் முகாமில் ஒரு மரச்செதுக்கு அச்சு செய்தவர். இரவு, வேலி, வேலிக்கு முன்னால் முதுகு காட்டிக்கொண்டு தனியாய் நிக்கிற ஒருத்தர், மேலே தெற்குச் சிலுவை நட்சத்திரங்கள். பெயர் "வெறுமை" என்ற மாதிரி வரும். அவரை அடுத்த வருஷம் ஜீலாங் கிராமர் பள்ளித் தலைமையாசிரியர் கேட்டு வாங்கி ஓவிய ஆசிரியராய் வைச்சிருந்தவர். பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்கு நிறம் படிப்பிச்சவர்.

அஞ்சறைப்பெட்டி

தேம்ஸ், நக்கல் பற்றிச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. கஞ்சிச் சிற்பமும் அந்த வகையறாதான் என்று தோன்றுகிறது. தின்னக் கொடுத்ததைத் தின்னாமல் சிலையாக்கி நாற விடுவது!

கரித்துண்டுக்கு ஒரு கேள்வி. அந்தச் "சமூகம்" உண்மை என்றால் வெளியே வந்த பிறகு என்ன ஆயிற்று?

கரித்துண்டு

// வெளியே வந்த பிறகு என்ன ஆயிற்று? //

இதைக் கேட்க மாட்டீர்களா என்றுதான் காத்திருந்தேன். பெரும்பாலும் கலைந்துபோயிற்று. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் கஷ்டமான பகுதி இதுதான்.

ஷ்விட்டர்ஸை 1941 நவம்பரில் விட்டார்கள். முகாமில் எல்லோரும் தேடி வந்த மனிதரை லண்டனில் யாரும் சீண்டவில்லை. 1943-இல் ஹானோவரில் குண்டு விழுந்து அவர் கட்டிய அந்த வீட்டுச் சிற்பம் அழிந்தது, அந்தச் செய்தி இங்கே வந்து சேர்ந்தது. 1945-இல் ஏரி மாவட்டத்தில் ஆம்பிள்சைடுக்குக் குடிபோய், பூவும் மலையும் உள்ளூர்க்காரர்களின் முகமும் வரைந்து பிழைத்தார். எல்டர்வாட்டரில் ஒரு கல் கொட்டகையில் கடைசியாக ஒரு சுவரையே சிற்பமாக்க ஆரம்பித்தார், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கொடுத்த பணத்தில். அந்த ஒரு சுவரையும் முடிக்காமல் 1948 ஜனவரி 8 அன்று கெண்டலில் இறந்தார். பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்த செய்தி அதற்கு முந்தின நாள்தான் வந்தது.

மைட்னர் இன்னும் மோசம். முகாமில் அவருக்குச் சாப்பாடு இருந்தது, வரையக் காகிதம் இருந்தது, கூடவே வழிபட ஆட்கள் இருந்தார்கள். லண்டன் திரும்பியதும் பிணவறையில் இரவுக் காவல் வேலை பார்த்திருக்கிறார். 1953-இல் ஜெர்மனிக்கே திரும்பிப் போய்விட்டார், எல்சே லண்டனிலேயே இருந்துவிட்டார். ஜெர்மனியில் மைட்னருக்குப் பிற்காலத்தில் மதிப்பு கிடைத்தது, அது வேறு கதை.

ஆகவே நான் சொல்வது, அந்த 1,200 பேருக்கு நடுவே ஓவியன் என்பது ஒரு வேலை, தச்சன், நாவிதன் மாதிரி. அவனிடம் போனால் உன் முகம் கிடைக்கும், வீட்டுக்கு அனுப்பலாம். வெளியே வந்ததும் அந்த வேலை போயிற்று, அவன் மறுபடி "அகதி ஓவியன்" ஆகிவிட்டான், யாருக்கும் தேவையில்லாதவன். தில்லிவாசி சொன்ன சன்யாலுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர், கவனியுங்கள். அவர் வந்து சேர்ந்த ஊரில் பாதிப்பேர் அகதிகள், அதனால் அவருடைய கோல் மார்க்கெட் அறை ஊருக்கே தேவைப்பட்டது. நூறு வயசு தாண்டி 2003 வரை இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார்.

தேம்ஸ்_கரையோரம்

முழுக்கக் கலைஞ்சது என்று சொல்லேலாது அண்ணை. 1944 டிசம்பரில் லண்டனில் ஷ்விட்டர்ஸுக்குத் தனிக் கண்காட்சி வைச்சது ஆர் தெரியுமோ? ஜாக் பில்போ. அவரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்தான், அதே தீவில் ஓன்கன் முகாமில் அடைபட்டிருந்து, அங்கேயும் கண்காட்சி வைச்சவர். விமர்சகர் ஹெர்பர்ட் ரீட் அறிமுகம் எழுதினார். படம் பெரிசாய் விக்கேல்லை, அது வேற. ஆனால் கூப்பிட்டு இடம் கொடுத்தது இன்னொரு முகாம்காரன். உல்மனும் அப்படித்தான். முகாமுக்கு முன்னமே, 1938 கடைசியில், ஜெர்மன் அகதிக் கலைஞர்களுக்கான சங்கம் அவர்ட ஹாம்ப்ஸ்டெட் வீட்டில்தான் தொடங்கினது.

அந்தக் கல் கொட்டகைச் சுவரை 1965-இல் அப்படியே பெயர்த்து நியூகாசிலுக்குக் கொண்டுவந்து ஹாட்டன் காலரியில் வைச்சிருக்கினம், ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் முன்னின்று செய்தவர். நான் போய்ப் பார்த்தனான். பெரிய சுவர், சாந்து பூசி, நடுநடுவே கல், மரத்துண்டு, தகரம், ஒரு சின்னப் பூவாளியின்ர வாய் மாதிரி ஒன்று. படத்தில் தட்டையாய்த் தெரியும், நேரில் பார்த்தால் சாந்து அலை மாதிரிப் புடைச்சுக்கொண்டு வரும். ஒரு முகமும் இல்லை அதில். ஆருக்காகச் செய்தார் அதை? வாங்க ஆளில்லை, உட்கார்ந்து கதைக்க ஆளில்லை. உங்கட கட்சிப்படி அவர் அதைத் தொடங்கியே இருக்கக்கூடாது.

பழைய_தில்லிவாசி

பராசரின் பென்சில் கோடு பற்றி நான் கேட்டதும் இதே கேள்விதான். கரித்துண்டு இன்னும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

கரித்துண்டு

இரண்டு பேரும் ஒரே இடத்தில் பிடித்துவிட்டீர்கள். சுவருக்கு என்னிடம் பதில் உண்டு, பராசருக்கு இல்லை.

சுவரை அவர் தனியாகச் செய்யவில்லை. உடம்பு மிகவும் மோசமாக இருந்த மாதங்கள் அவை, பக்கத்து ஆட்கள் உதவினார்கள், கொட்டகை கொடுத்தவர் தோட்டக்கலைஞர், அவரையும் ஷ்விட்டர்ஸ் உருவப்படமாக வரைந்திருக்கிறார். அந்தப் படத்தில் தொடங்கிய பழக்கத்தில்தான் கொட்டகையே கிடைத்தது. கடைசிவரை முகம் வரைந்துதான் இடம் பிடித்திருக்கிறார் மனுஷன்.

பராசரை இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும். அந்தப் படங்களை அச்சில் சின்ன அளவில்தான் பார்த்திருக்கிறேன். தில்லிவாசி, உங்களிடம் நல்ல பிரதி ஏதாவது இருந்தால் இங்கே போடுங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.

மாம்பலம்_மணி

போடுங்க சார். அப்புறம் தேம்ஸ், அந்த மினிபஸ் படம் என்ன ஆச்சு? பட்டறைக்காரம்மா மாட்டினாங்களா இல்லையா?

தேம்ஸ்_கரையோரம்

மாட்டேல்லை மணி. பெடியன் சுருட்டிக் கொண்டுபோய் ஈஸ்ட்ஹாமில் தான் வேலை செய்யிற கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைச்சிருந்தான். சாமான் வாங்க வாற சனம் "இது ஆற்ற வான், எந்த ரூட்" என்று நின்று கேட்டுக்கொண்டிருக்கும். கரித்துண்டு அண்ணை இதைத் தன்ர கட்சிக்குச் சேர்த்துக்கொள்ளுவார் என்று தெரிஞ்சுதான் இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்தனான்.